உமரி முளைக்கும் நிலம்
உவர் மண்ணில் குடியிருப்போருக்கு ஒரு பாடம்



கடல்நீரேரிக் கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு உமரியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சில இடங்களில் அதை உமிரி என்றும் சொல்வர். ஆனால் உள்ளூர்க் கிராமங்களிலிருந்து இடம்பெயர்ந்து கரையோரத்தில் குடியேறியவர்களுக்கு அது வெறும் களை. செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் செய்து பழகிய கைகளுக்கு, பிடுங்கி எறிய வேண்டிய பூண்டு. நாமும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தோம். அந்த நினைப்பு எத்தனை குடும்பங்களுக்கு நட்டத்தைத் தந்தது என்பதைச் சொல்லியே இந்தப் பாடத்தைத் தொடங்குவது நேர்மையானது.

எமது பிழை

போர் முடிந்த 2009 ஆம் ஆண்டின் பின், மீளக்குடியேறிய கரையோரக் கிராமம் ஒன்றில் சில குடும்பங்களுக்கு வெங்காய விதையும் நீரிறைக்கும் இயந்திரமும் கொடுத்தோம். காணிகள் பல ஆண்டுகள் பயிரின்றிக் கிடந்தவை. கிணற்று நீர் சற்று உவர்ப்பு. ஆனாலும் வாயில் வைக்கக்கூடியதாகவே இருந்தது. வெங்காயம் முளைத்தது. மூன்றாம் கிழமையில் தாள் நுனிகள் கருகின. தண்ணீர் போதவில்லை என்று எண்ணினோம். "இன்னும் இறையுங்கள்" என்றோம். இறைக்க இறைக்கக் கருகல் கூடியது. ஈற்றில் விதைக்காசும் எண்ணெய்க்காசும் போயின. சிலர் நகை அடகு வைத்து எண்ணெய் வாங்கியிருந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

அந்தத் தோட்டத்தின் வேலியோரத்தில் இருந்து ஓர் ஆச்சி எம்மைக் கேட்டார்: "சுவாமி, உந்த உமரி தானா முளைச்ச நிலத்திலையோ வெங்காயம் வைக்கச் சொன்னனீங்கள்? எங்கட அப்பு அதைக் கண்டால் மண்வெட்டியைத் தோளிலை வைச்சுக்கொண்டு திரும்பி வந்திடுவார்."

நாம் மண்ணைப் பார்த்தோம், கிணற்றைப் பார்த்தோம், விதையைப் பார்த்தோம். ஏற்கெனவே அங்கே நின்ற செடியைப் பார்க்கவில்லை. அந்தச் செடியை இனங்காண்பதும், வளர்ப்பதும், பயன்படுத்துவதும், அதன் எல்லையை அறிவதுமே இந்தப் பாடம்.

உமரி எப்படிப்பட்ட செடி?

தாவரவியலில் இதன் பெயர் சுவேடா மாரிட்டிமா. முழங்கால் உயரம் வரை கிளைவிட்டு வளரும் சிறு பூண்டு. இலைகள் அகலமற்றவை; ஊசிபோல் நீண்டு, நீர் நிரம்பித் தடித்திருக்கும். நசித்தால் உப்புச் சாறு வரும். மாரியில் பச்சையாக நிற்கும். கோடை ஏற ஏறச் செம்மை படரும். பூ மிகச் சிறியது, கண்ணுக்கு எளிதில் தெரியாது. விதை கறுப்பு நிறம், கடுகிலும் சிறியது, பளபளப்பானது.

இலையே இல்லாததுபோல், மணி கோர்த்தாற்போன்ற தண்டுகளுடன் இன்னொரு செடியும் அதே இடத்தில் வளர்வதுண்டு. அதையும் சிலர் உமரி என்றே அழைப்பர். அது வேறு இனம். ஐயம் வந்தால் அவ்வூர் முதியவர் ஒருவரைக் கேட்டுத் தெளிந்த பின்பே சமையலுக்குப் பறியுங்கள்.

உமரியின் குடும்பத்துக்கு மேலைநாட்டார் வைத்த பெயரின் பொருள் வாத்துப்பாதம் என்பதாகும். அக்குடும்பத்துச் செடிகள் சிலவற்றின் இலை வாத்தின் காலடி போன்றிருப்பதால் அந்தப் பெயர். இன்று தாவரவியலாளர் அக்குடும்பத்தை முளைக்கீரையின் குடும்பத்துடன் ஒன்றாகச் சேர்த்துள்ளனர். இந்த உறவினருள் ஒன்றை நீங்கள் நன்கு அறிவீர்கள்: பீற்றூட். அதன் காட்டு மூதாதை ஐரோப்பியக் கடற்கரைகளில் வளரும் செடி. உவர் கலந்த மண்ணைப் பீற்றூட் ஓரளவு தாங்குவதன் காரணம் இதுவே. தென் அமெரிக்காவின் அந்தீஸ் மலை மக்களின் தானியமான கீன்வாவும் இதே உறவுதான். வறண்ட, உப்பான நிலங்களிலும் அது விளைவதால் ஐக்கிய நாடுகள் சபை 2013 ஆம் ஆண்டை கீன்வா ஆண்டாக அறிவித்தது. ஆகவே உமரி ஏழைகளின் களை மட்டுமன்று. உழவுக்கு உதவிய பெரிய குடும்பம் ஒன்றின் உறுப்பினர்.

உப்பில் எப்படி உயிர்வாழ்கிறது?

உப்பான மண்ணில் வெங்காயம் வாடுவது ஏன்? நீர் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாமையே முதற் காரணம். உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மேலும், உள்ளே புகுந்த உப்பு இலை நுனியில் சேர்ந்து அதைக் கருக்குகிறது.

உமரி வேறு வழியைக் கைக்கொள்கிறது. உப்பை உள்ளே எடுத்து, இலைக் கலங்களின் நடுவேயுள்ள நீர்ப்பையில் அடைத்து வைக்கிறது. உப்பு அங்கே இருப்பதால் வேரும் மண்ணிலிருந்து நீரை இழுக்க முடிகிறது. இலை தடித்திருப்பது இதனால்தான். சிறிதளவு உப்பு இருந்தால் அது இன்னும் நன்றாகவே வளரும்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வளர்ந்த உமரி உப்பைத் தாங்கினாலும் அதன் விதை முளைப்பதற்கு உவர் குறைந்த நீர் வேண்டும். முதல் மாரி மழை மேல்மண்ணின் உப்பைக் கழுவிய பிறகே விதைகள் கூட்டமாக முளைக்கின்றன. இந்த இயல்பை அறிந்தால் விதைக்கும் காலம் தானே விளங்கும்.

உமரி சொல்லும் செய்தி

மண்ணின் உவரை அளக்கும் அலகு மீற்றருக்கு டெசிசீமென்ஸ் எனப்படும். பயிர்கள் விளைச்சல் குறையத் தொடங்கும் எல்லைகள் ஏறத்தாழ இவை:

போஞ்சி – 1.0
வெங்காயம் – 1.2
மிளகாய் – 1.5
தக்காளி – 2.5
நெல் – 3.0
பீற்றூட் – 4.0

நான்குக்கு மேற்பட்டால் அதை உவர் நிலம் என்பர். கடல்நீரின் அளவு ஏறத்தாழ 50. உமரி தானாக அடர்ந்து முளைக்கும் நிலம் போஞ்சிக்கும் வெங்காயத்துக்கும் ஏற்றதன்று என்று பொதுவாகக் கொள்ளலாம். அங்குமிங்கும் ஒன்றிரண்டு செடி நின்றால் மண்ணைச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் காணி மண்ணை ஒரு சிரட்டையிலும், நல்ல தோட்டமொன்றின் மண்ணை இன்னொரு சிரட்டையிலும் போடுங்கள். இரண்டிலும் பத்துப் பத்துப் பயறு ஊன்றி, ஒரே நன்னீரை அளவாக விடுங்கள். பத்து நாளில் முளைத்தவற்றை எண்ணி, உயரத்தையும் ஒப்பிடுங்கள். அடுத்ததாக, நல்ல மண்ணையே இரு சிரட்டைகளில் இட்டு, ஒன்றுக்கு உங்கள் கிணற்று நீரையும் மற்றதற்கு நன்னீரையும் விட்டுப் பாருங்கள். பிழை மண்ணிலா, நீரிலா என்பது தெரியும். அதன் பின் விவசாயப் போதனாசிரியரிடம் மண்ணையும் நீரையும் அளந்து தரும்படி கேளுங்கள். கடன் எடுப்பதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

கிணறு ஏன் உவராகிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கீழ் இருப்பது சுண்ணாம்புக்கல். மழைநீர் அதனுள் இறங்கி, கனமான கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் நிற்கும். அந்த ஓர் அடியை நாம் இறைத்துக் குறைத்தால், கீழேயுள்ள உவர் நீர் காலப்போக்கில் 40 அடி மேலேறக்கூடும். கரையோரத்தில் இயந்திரம் பூட்டி நீண்ட நேரம் இறைக்கக் கூடாது என்பது இதனால்தான்.

உவர் நீர் வயலில் என்ன செய்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு பரப்புக் காணிக்கு ஓர் அங்குல உயரத்துக்கு இறைத்தால் ஏறத்தாழ 6,400 லீற்றர் நீர் செல்கிறது. அந்த நீரில் லீற்றருக்கு 2 கிராம் உப்பு இருந்தால், ஒரு முறை இறைப்பில் 12 கிலோவுக்கு மேற்பட்ட உப்பை நாமே காணியில் கொட்டுகிறோம். பத்து முறை இறைத்தால் 120 கிலோவுக்கும் மேல். வெயில் நீரை எடுத்துக்கொள்கிறது, உப்பு தங்கிவிடுகிறது. "இன்னும் இறையுங்கள்" என்று நாம் சொன்ன போது செய்தது இதைத்தான்.

உமரியை வளர்க்கும் முறை

1. விதை சேர்த்தல்: செடி சிவந்து, நுனிகள் காயத் தொடங்கும் போது கிளைகளை வெட்டிப் பாயில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். கையால் கசக்கிச் சுளகில் புடைத்தால் கறுப்பு விதை தனியே வரும். ஈரம் படாத போத்தலில் மூடி வையுங்கள்.

2. இடம்: மற்றப் பயிர் வராத தாழ்ந்த மூலை, வெண்மை படரும் இடம் போதும். மூன்று அடி அகலத்தில் பாத்தி கட்டி மண்ணை மேலாகக் கொத்திவிடுங்கள். ஆழமாகக் கிளறினால் கீழேயுள்ள உப்பு மேலே வரும்.

3. விதைப்பு: புரட்டாதிக் கடைசியில் அல்லது ஐப்பசியில், முதல் நல்ல மழைக்குப் பின் விதையுங்கள். விதையுடன் மணல் கலந்து தூவி, கையால் மெதுவாக அழுத்திவிடுங்கள். விதையை மண்ணால் ஆழ மூடக் கூடாது.

4. நாற்று: விதை கிடைக்காதவர்கள், மழைக்குப் பின் கரையில் அடர்ந்து முளைத்த நாற்றுகளை மாலையில் மண்ணோடு தோண்டி வந்து ஓர் அடி இடைவெளியில் நடலாம்.

5. பராமரிப்பு: சிறிது மக்கிய மாட்டெரு போதும், வேறு உரம் தேவையில்லை. முளைத்து முதல் இரண்டு கிழமை மழை தவறினால் நன்னீர் தெளிக்க வேண்டும். வேர் ஊன்றிய பின் உவர் கலந்த நீரையும் தாங்கும். ஆனால் நீர் நாட்கணக்கில் தேங்கினால் இளஞ்செடி அழுகும்.

6. பறித்தல்: ஒரு சாண் உயரம் வந்ததும் இளநுனிகளைக் கிள்ளலாம். கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். தண்டு முற்றிச் சிவந்தால் உணவுக்கு ஏற்றதன்று. நாலில் ஒரு செடியை விதைக்கு விடுங்கள்.

பிறர் காணியில், முகாமில், உறவினர் வளவில் இருப்பவர்கள் உரப்பையிலோ உடைந்த வாளியிலோ இதை வளர்க்கலாம். ஓரிரு மாதத்தில் பறிக்கக்கூடியதாகையால், நாளை எழும்பச் சொன்னாலும் பெரிய நட்டமில்லை. விதைப் போத்தலைக் கையோடு கொண்டு போகலாம்.

சமைக்கும் முறை

இளநுனிகளைக் கழுவி, நிறைய நீரில் பத்து நிமிடம் அவித்து, நீரை ஊற்றிவிடுங்கள். இன்னும் உப்புக் கரித்தால் புது நீரில் மறுபடி அவிக்க வேண்டும். பின்னர் வெங்காயம், செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ப்பூ சேர்த்து வறையாக்கலாம். சின்ன இறால் கிடைத்தால் இன்னும் நன்று. உப்புப் போடத் தேவையில்லை. அவித்த நீரை வீட்டுத்தோட்டத்தில் ஊற்றக் கூடாது.

சில எச்சரிக்கைகளும் உண்டு. இரத்த அழுத்தம், சிறுநீரக நோய், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் உமரியைத் தவிர்க்க வேண்டும். இதில் உப்பும் ஒக்சலேற்றும் உண்டு. கைக்குழந்தைகளுக்கும் கொடுக்க வேண்டாம். மற்றவர்களும் கிழமையில் ஓரிரு நாள், கறியாக அளவோடு உண்பதே நல்லது. இது சோற்றுக்கும் பருப்புக்கும் ஈடாகாது.

ஆடுமாடுகளுக்குக் கொடுப்பதானால் மற்றக் குழையுடன் சிறு பங்காகவே கலந்து கொடுங்கள். உமரி தின்ற ஆடு அதிகம் தண்ணீர் குடிக்கும். அருகில் நன்னீர் இல்லாவிடில் கொடுக்கக் கூடாது.

பறிக்கும் இடத்திலும் கவனம் வேண்டும். கழிவுநீர் ஓடும் வாய்க்கால், குப்பை மேடு ஆகியவற்றின் அருகே பறிக்காதீர்கள். இச்செடி நச்சு உலோகங்களையும் உறிஞ்சக்கூடியது. கண்ணிவெடி அபாயப் பலகை நாட்டிய இடத்துக்கும், மக்கள் நீண்டகாலம் நடமாடாத கரைக்கும் ஒரு கீரைக்காகப் போக வேண்டாம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். கரையிலுள்ள செடிகளை வேரோடு அழிக்கவும் கூடாது. அவை கரை மண்ணை அரிப்பிலிருந்து பிடித்து வைத்திருக்கின்றன.

உமரி நிலத்தைத் திருத்துமா?

"உமரி உப்பைக் குடிக்கும். நாலு வருடம் நட்டால் நிலம் நல்லதாகிவிடும்" என்று சிலர் சொல்வர். இதில் பாதிதான் உண்மை. அறுவடை செய்து வெளியே கொண்டுபோகும் செடியோடு ஓரளவு உப்பும் போகிறது. ஆனால் செடியை அங்கேயே மடியவிட்டாலோ உழுது புதைத்தாலோ அதே உப்பு அதே மண்ணுக்கே திரும்புகிறது. அறுத்து அகற்றினாலும், மழை கழுவும் உப்போடு ஒப்பிட்டால் அது கொஞ்சமே. உமரி மண்ணுக்கு நிழல் தருகிறது, வெயிலில் உப்பு மேலேறுவதைக் குறைக்கிறது, மழைநீர் இறங்க வேர்வழி திறக்கிறது. உண்மையில் நிலத்தைத் திருத்துவது மழையே.

மழையை வேலை வாங்குவதற்கு இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். ஓர் அடி ஆழ மண்ணிலுள்ள உப்பில் ஏறத்தாழ அரைவாசியைக் கழுவ, அதனூடாக அரை அடி நீர் இறங்க வேண்டும். ஓர் அடி நீர் இறங்கினால் ஐந்தில் நான்கு பங்கு கழுவப்படும். எமது மாரி அதற்குப் போதிய மழையைத் தருகிறது; பெரும்பாலும் அது வழிந்தோடிவிடுகிறது. ஆகவே மாரிக்கு முன் காணியைச் சிறு சிறு வயல்களாகப் பிரித்து, முழங்காலளவு வரம்பு கட்டி மழையை அங்கேயே நிறுத்துங்கள். அதே வேளையில், இறங்கிய நீர் வெளியேற ஆழமான வடிகால் வேண்டும். வடிகால் இல்லாத பள்ள நிலத்தில் உப்பு மீண்டும் ஏறும். கோடையில் நிலத்தை வெறுமையாக விடாமல் பனையோலை, வைக்கோல் கொண்டு மூடுங்கள். கடல்நீர் உட்புகாமல் தடுக்கும் அணைகளும் கதவுகளும் ஒரு குடும்பத்தால் பார்க்கக்கூடியவை அல்ல. அவற்றுக்காக ஊரே கூடி கமநல சேவை நிலையத்தில் கேட்க வேண்டும்.

அந்த வெங்காயத் தோட்டத்தில் பின்னர் இப்படித்தான் செய்தோம். முதல் மாரியில் வரம்பு கட்டி உமரியை நிற்கவிட்டோம். அடுத்த மாரியில் மேட்டுப் பாதியில் உவர் தாங்கும் நெல் இனமான ஏ.ரி. 354 விதைத்தார்கள். மூன்றாம் ஆண்டு கிணற்றோர மேட்டில் பீற்றூட் வந்தது. தாழ்ந்த மூலையில் இன்றும் உமரிதான் நிற்கிறது. அதை மாற்றும் எண்ணத்தை விட்டுவிட்டோம். முன்பு எம்மைக் கேள்வி கேட்ட ஆச்சியே அந்த மூலையில் நுனி கிள்ளிக்கொண்டு நின்றதைப் பின்னர் கண்டோம்.

எமது கரைக்கு எதிரேயுள்ள தமிழ்நாட்டு வேதாரணியத்தில், உவர் தாங்கும் தாவரங்களுக்கென்றே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு மரபியல் தோட்டம் அமைத்துள்ளது. கடல்மட்டம் உயர்ந்துவரும் இக்காலத்தில் அறிஞர்கள் தேடிச் சேர்க்கும் செடிகளுள் எமது வேலியோரக் களையின் இனமும் ஒன்று.

கலந்துரையாடலுக்கு

மாதர் சங்கத்திலோ கமக்காரர் அமைப்பிலோ கூடும் போது இவற்றைப் பேசுங்கள்:

1. எமது கிராமத்தில் உமரி எந்தெந்தக் காணிகளில் தானாக முளைக்கிறது? முன்னர் இல்லாத இடத்தில் இப்போது முளைக்கிறதா? காணிகளை ஒரு தாளில் வரைந்து குறியுங்கள்.

2. எந்தக் கிணறுகள் எந்த மாதத்தில் உவர்க்கத் தொடங்குகின்றன? அவற்றில் எத்தனை மணி நேரம் இறைக்கிறோம்?

3. இந்த மாரிக்கு முன் எந்தக் காணியில் முதலில் வரம்பு கட்டலாம்? தனியாகச் செய்ய முடியாத குடும்பத்துக்கு யார் கைகொடுப்பது?

4. புதிய பயிருக்கு எவரேனும் விதையோ கடனோ கொடுக்க வந்தால், "எங்கள் மண்ணையும் நீரையும் அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்கத் துணிவோமா? எம்மையும் அப்படிக் கேளுங்கள். அன்று அந்த ஆச்சியை நாம் முதலிலேயே கேட்டிருந்தால், அந்தக் குடும்பங்களின் நகை அடகுக்குப் போயிருக்காது.